சீல் வெங்கடபதியும் ஒரு சொட்டு ஆயிலும்

பீளமேட்டில் வந்து இறங்கி வெங்கடபதி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். சீல் வெங்கடபதி என்று கேட்டுப் பாருங்கள். கேட்கப்பட்ட ஆள் தன் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கூடவே நடந்து வந்து, காலிங்பெல்லையும் தானே அழுத்தி, உள்ளே வந்து ஒரு காபியும் குடித்துவிட்டுத்தான் திரும்புவார். அப்பேர்ப்பட்ட கீர்த்தி.

அந்தக் கீர்த்திக்குக் காரணம் ஒரு ரப்பர் வளையம். பம்பிலோ மோட்டாரிலோ எஞ்சினிலோ ஒரு தண்டு சுற்றிக்கொண்டிருக்கும்; அதைச் சூழ்ந்து ஒரு கூடு சும்மா நின்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து, உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஆயில் சீல். சொத்துப் பிரித்த அண்ணன் தம்பிகளுக்கு நடுவே தாய்மாமன் உட்கார்ந்து செய்கிற அதே வேலை. ஆவாரம்பாளையத்தில் இருக்கும் வெங்கடபதியின் பட்டறையில் இந்தத் தாய்மாமன்கள் பெட்டி பெட்டியாகத் தயாராகி, பம்பு கம்பெனிகளுக்கும் கிரைண்டர் கம்பெனிகளுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

வெங்கடபதி விளம்பரம் செய்வதில்லை. வாடிக்கையாளர் முகத்தில் சந்தேகம் தெரிந்தால், ஒரு பெட்டி நிறைய எண்ணெய் ஊற்றி, சீலை மாட்டி, தண்டைச் சுற்றவிட்டு, அடியில் புது வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிட்டு, அவரைச் சாப்பிடக் கூட்டிப் போய்விடுவார். திரும்பி வந்து பார்த்தால் வேட்டி கடையிலிருந்து வந்த மாதிரியே கிடக்கும். அதை மடித்து வாடிக்கையாளருக்கே கொடுத்தும் அனுப்புவார். கோவையில் பல முதலாளிகள் கல்யாண வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வருவது இந்தப் பரீட்சையில் தேறிய வேட்டிதான்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஐம்பது தாண்டியதும் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. மற்ற ஊர்களில் இந்த வயதில் ஆண்களுக்கு மூட்டுவலி வரும். கோவையில் கார் ஆசை வரும். மூட்டுவலியும் கூடவே வந்திருப்பது அந்தக் காரில் ஏறி உட்கார்ந்து இறங்க முயலும்போதுதான் தெரியும்.

புதுசு வாங்குவதாக இல்லை. புதுசு வாங்குகிறவன் பணக்காரன், பழசைப் பார்த்து வாங்குகிறவன்தான் விவரமானவன் என்பது வெங்கடபதியின் கட்சி. விவரமானவருக்கு ஏற்ற மாதிரி சத்தியமங்கலத்தில் ஒரு வண்டி இருப்பதாகச் செய்தி வந்தது. வெளிநாட்டு வண்டி. எலுமிச்சம்பழ மஞ்சள். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். சொந்தக்காரர் கிருபாசங்கர், வயது நாற்பதுக்குள். மஞ்சளும் வாழையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம், இப்போது நூல் மில்லும் போட்டிருக்கிறது.

வண்டி எப்படி என்று வெங்கடபதி விசாரித்தாரா என்றால், விசாரித்தார். ஆனால் நம் பக்கத்தில் யாரும் வண்டியை விசாரிப்பதில்லை, வண்டிக்காரரை விசாரிப்பார்கள். "கிருபாசங்கருங்களா? தங்கமான குடும்பமுங்க" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தங்கமான குடும்பத்தில் எஞ்சின் எப்படி ஒழுகும்?

இருந்தாலும் தொழில்காரர் அல்லவா. ஒருதரம் குனிந்து அடியில் பார்த்துவிட வேண்டும் என்ற உறுதியோடுதான் சத்தியமங்கலம் போனார். போனதும் இலை போட்டுவிட்டார்கள். சந்தகை வந்தது, தேங்காய்ப்பால் வந்தது, கச்சாயம் வந்தது, நாட்டுக்கோழி வந்தது. பிறகு வீட்டார் எல்லோருமாக அவரைக் களத்து மண்ணில் நின்ற வண்டிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கை நனைத்த வீட்டில், அந்த ஈரம் காய்வதற்குள், அவர்கள் கண் முன்னால் மண்டிபோட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்பது என்றால், "உங்களை நான் நம்பவில்லை" என்று மைக் பிடித்துச் சொல்வதற்குச் சமம். வெங்கடபதி ஒரு தந்திரம் செய்தார். கர்ச்சீப்பைக் கீழே தவறவிட்டார். அவர் இடுப்பை வளைப்பதற்குள் ஒறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரர்கள் ஐந்தாறு பேர் பாய்ந்து எடுத்து, தூசி தட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பேனாவையும் தவறவிட்டுப் பார்த்தார். அதுவும் அந்தரத்திலேயே பிடிக்கப்பட்டது.

"வண்டில ஏதாச்சும் செலவு இருக்குதுங்களா தம்பி?" என்று கடைசியாக வாய்விட்டுக் கேட்டார்.

கிருபாசங்கர் தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "உங்குளுக்குத் தெரியாததுங்களா அண்ணா" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படி எச்சரிக்க முடியும் என்று கிருபாசங்கர் பிற்பாடு கேட்டார். வெங்கடபதிக்கு அது பாராட்டாகக் கேட்டது. வண்டியை வாங்கிவிட்டார்.

புளியம்பட்டி, அன்னூர் வழியாக வண்டி கோவைக்கு வந்த விதத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மின்னல் வேகத்துக்காகப் பிறந்த அந்த வண்டி, ஒவ்வொரு வேகத்தடை முன்னாலும் நின்று, யோசித்து, குறுக்காகத் திரும்பி, நிறைமாத கர்ப்பிணி படி இறங்குகிற மாதிரி ஏறி இறங்கியது. பின்னால் வந்த டவுன் பஸ், மண் லாரி, கரும்பு டிராக்டர் எல்லாம் தாண்டிப் போயின. டிராக்டர்காரர் கை காட்டிவிட்டும் போனார்.

வீட்டு போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தினார். மறுநாள் விடிந்ததும் அடியில் பார்த்தார். கருப்பாக, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, ஒரு சொட்டு.

விரலால் தொட்டார், மோந்தார். எஞ்சின் ஆயில்.

மற்றவர்களுக்கு இது ஒரு ரிப்பேர். வெங்கடபதிக்கு அப்படியல்ல என்பதை வாசகர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். கோவை முழுக்க எண்ணெய் ஒழுகாமல் காப்பவர் வீட்டு வாசலில் எண்ணெய் ஒழுகுகிறது. பல் டாக்டருக்குப் பல் ஆடுகிற மாதிரி. இது வெளியே தெரிந்தால் அடுத்த வாரமே யாராவது ஒரு பம்பு முதலாளி, இன்னொரு பம்பு முதலாளியிடம், "பாவம், அவருதே ஒழுகுதாமுங்க" என்று மிகுந்த வருத்தத்தோடு சொல்லுவார். அந்த 'பாவம்' ஒன்று போதும், பட்டறையை இழுத்து மூட.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து வைத்து, காலையில் குனிந்து பார்ப்பது அவருடைய நித்திய பூஜை ஆகிவிட்டது. வேட்டிகள் தீர்ந்ததும் பேக்கிங் அட்டைகள். அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே பார்க்கிற பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். நேற்றைவிட இன்று சொட்டு சிறியது என்றால் சந்தோஷம். அடுத்த நிமிஷமே, ஒருவேளை உள்ளே ஆயிலே தீர்ந்துபோய் இருக்குமோ என்று கவலை. வண்டியை ஓட்டினால் ஒழுகும் என்று ஓட்டுவதில்லை. ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் சீல் காய்ந்து ஒழுகும் என்று யாரோ இணையத்தில் சொல்ல, அதையும் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி, பால் பூத்தைத் தாண்டியதில்லை.

அவர் மனைவி அம்புஜம் இந்த வண்டியில் இன்னும் ஏறவில்லை. வீட்டில் இருவரும் பேசிக்கொள்வது தெலுங்கு. சண்டை மட்டும் தமிழில். அக்கம்பக்கத்துக்கும் புரிய வேண்டும் அல்லவா.

"ஏனுங்க, இத்தனை வருசத்துல என்ற முழங்கால் வலிக்கு ஒருநா குனிஞ்சு பாத்திருப்பீங்களா?" என்று ஒரு நாள் காலை, அட்டையும் கையுமாக நின்றவரைக் கேட்டார்.

"உனக்கு ஆயிலா ஒழுகுது?" என்றார் வெங்கடபதி. இல்லறத்தில் சொல்லக்கூடாத பதில்களில் அதுவும் ஒன்று. மூன்று நாள் வீட்டில் சாம்பாருக்கு உப்பு வரவில்லை.

இந்தச் சமயம் பார்த்து கிருபாசங்கரிடமிருந்து அழைப்பு வந்தது. கோவையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் கனவான்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வரிசையாகக் கிளம்பி, எங்காவது போய் டிபன் சாப்பிட்டு, வண்டிகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது அவர்கள் செய்துவரும் சமூகப்பணி. அதில் பாதிப்பேர் பம்பு முதலாளிகள், வெங்கடபதியின் வாடிக்கையாளர்கள். கிருபாசங்கர் சத்தியமங்கலத்து வீட்டில் புதிதாகப் பெரிய போர்ட்டிகோ கட்டியிருந்தார். இனி எல்லா ஞாயிறும் அங்கேதான் டிபன். வெங்கடபதியண்ணன் வராமல் இருக்கக் கூடாது.

போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்பார்கள். போனார். போர்ட்டிகோவைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தார். வெள்ளை மார்பிள். பால்கோவா மாதிரி வெள்ளை. ஒரு எறும்பு ஊர்ந்தால் கேட்டிலிருந்தே தெரியும். மற்ற வண்டிகள் சிவப்பும் நீலமுமாக அதில் ஏறி வரிசைகட்ட, வெங்கடபதி வெளியே கரும்புக்காட்டு ஓரத்தில், மண் தரை பார்த்து, புளியமரத்தடியில் நிறுத்தினார்.

உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டபோது, "டாக்டரு தெனமும் நடக்கச் சொல்லியிருக்காருங்க, அதான் தள்ளி நிறுத்திப்போட்டு வாரேன்" என்றார். ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கி நடைப்பயிற்சி செய்யும் அவருடைய ஒழுக்கத்தை எல்லோரும் மெச்சினார்கள்.

டிபன் நடந்தது. ஒரு பம்பு முதலாளி வடையைக் கையில் பிடித்துக்கொண்டு, வெங்கடபதியண்ணன் சீலைப் போட்டுவிட்டால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று மேடைப்பேச்சு மாதிரி பேசினார். இன்னொருவர் ஆமோதித்தார். ராத்திரி நிம்மதியாகத் தூங்கி ஒரு மாதம் ஆகியிருந்த வெங்கடபதிக்குப் புரையேறியது. கிருபாசங்கர் மட்டும் எழுந்து வந்து அவர் தலையைத் தட்டிக் கொடுத்து, தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். ஏதோ துக்க வீட்டில் செய்கிற மாதிரி.

மறுநாளே வண்டியை ஷேக் பரீதிடம் கொண்டுபோனார். சுங்கம் பக்கத்தில் ஷேக் பரீதின் ஒர்க் ஷாப் இருக்கிறது. ஒர்க் ஷாப் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். உள்ளே ஏ.சி., சோபா, காபி இயந்திரம். வண்டியை அட்மிட் செய்வார். பார்வை நேரம் உண்டு. வெளிநாட்டு வண்டிகளை மட்டும் தொடுவார் என்பதால், நோயாளியின் உறவினர்களிடம் பெரிய மருத்துவர்கள் பேசுகிற அந்த மெல்லிய குரல் அவருக்கும் வந்துவிட்டது.

முதல் தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது ஒழுகல் இல்லீங்க மொதலாளி, வேர்வை" என்றார். உயர்ந்த வகை வண்டிகள் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யுமாம். ஒரு வாரம் கழித்து, வேர்வையில்லை, ஆனால் பயப்படுகிற மாதிரியும் இல்லை என்றார். அதற்கடுத்த வாரம், கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடலாம் என்றார். பெரிய மருத்துவர்களின் வழியும் இதுதான். வேர்வையில் ஆரம்பித்து ஆபரேஷனில் முடிப்பார்கள்.

கியர்பாக்ஸ் இறங்கிய அன்று வெங்கடபதிக்கு போன் வந்தது.

"நல்ல செய்தி ஒண்ணு இருக்குதுங்க மொதலாளி. எஞ்சின் தங்கம். பின்னால இருக்கற சீலு ஒண்ணுதான் போயிருக்குது. அதுலயும் பாருங்க, ஒரிஜினல் வெளிநாட்டு சீலு இல்லீங்க. யாரோ நம்மூருச் சீலப் போட்டுப்போட்டாங்க."

வெங்கடபதிக்கு ரத்தம் கொதித்தது. இப்படிப்பட்ட வண்டிக்குக் கண்ட சீலையும் மாட்டிய அந்த மாபாவி யார், அந்தச் சீலைச் செய்த கேடுகெட்ட கம்பெனி எது என்று கேட்டார்.

ஷேக் பரீத் தொண்டையைச் செருமினார். "நேர்ல வந்து பாருங்களே" என்றார். பெரிய மருத்துவர்கள் கெட்ட சேதியை போனில் சொல்லமாட்டார்கள்.

போய்ப் பார்த்தார். ஒரு தட்டில், வெள்ளைத் துணிமேல், சீல் வைக்கப்பட்டிருந்தது. தண்டைத் தொட்டு நிற்கும் ரப்பர் உதடு கருகி, சுருங்கி, ஓரத்தில் வெடித்துப்போயிருந்தது. இரும்பு விளிம்பில் சின்னதாக ஒரு சங்கு முத்திரை. ஆவாரம்பாளையத்தில், அவருடைய பட்டறையில், அவர் கண்முன்னால் தினமும் ஆயிரக்கணக்கில் குத்தப்படுகிற அதே சங்கு.

எடுத்து விரலால் தடவினார். வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ரப்பர் எதற்கானது என்பது அவர் விரலுக்கே தெரியும்.

"இது கிரைண்டர் சீலுங்க" என்றார் மெதுவாக. "மாவாட்டற சூடு வேற, எஞ்சின் சூடு வேறயுங்க."

பட்டறைக்கு வந்து போர்மேன் தம்பிதுரையைக் கூப்பிட்டார். தம்பிதுரைக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சத்தியமங்கலத்திலிருந்து ஒரு மில் மேனேஜர் பழைய சீல் ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, வெளிநாட்டிலிருந்து வர மாசக்கணக்கில் ஆகுமாம், இதே மாதிரி வேண்டும் என்று கேட்டாராம். அளவு எடுத்துப் பார்த்தால் டில்டிங் கிரைண்டர் சீலுக்கு அப்படியே பொருந்தியதாம்.

"எந்த வண்டிக்குன்னு கேக்கலியா?"

"நீங்கதானுங்களே சொல்லியிருக்கறீங்க. கோயமுத்தூர்ல ஆகாத சாமான்னு ஒண்ணு இல்ல, யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லாதன்னு."

ஆயுதபூஜை அன்று பொரிகடலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வருஷா வருஷம் செய்கிற சொற்பொழிவு அது. அதை ஒருவன் காதில் வாங்கியிருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து கிருபாசங்கருக்கு போன் போட்டார். நலம் விசாரித்தார். மழை விசாரித்தார். மஞ்சள் விலை விசாரித்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, அந்தச் சீலு என்ற பட்டறைச் சீலுன்னு உங்குளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்ணா."

"ஒழுகுனதும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"எப்புடிங்ணா சொல்றது? உங்க சீலு ஒழுகுதுன்னு உங்ககிட்டயே சொல்றதுங்களா? மனசு சங்கடப்படாதுங்களா?"

"அதுக்கு வண்டியவே என்ற தலைல கட்டிப்போட்டீங்களா?"

"அட என்னுங்ணா நீங்க. வேற ஆளுக்குக் குடுத்தா அவன் நாலு எடத்துல சொல்லுவான், சீல் வெங்கடபதி சீலு ஒழுகுதுன்னு. உங்க பேரு கெட்டுப்போயிருமுங்களே. அதனால கம்மி வெலைன்னாலும் பரவால்லைன்னு உங்குளுக்கே குடுத்துப்போட்டேன்."

கோபப்பட இடம் எங்கே என்று வெங்கடபதி தேடிப் பார்த்தார். எங்கும் இல்லை. சுவர் முழுக்க மரியாதை பூசி மொழுகியிருந்தது. கடைசியில் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தார்.

இப்போது செய்யவேண்டியது சுலபம். வெளிநாட்டுச் சீல் இப்போதெல்லாம் மும்பையிலேயே கிடைக்கிறது, நாளைக்கே வாங்கிப் போட்டுவிடலாம் என்றார் ஷேக் பரீத். யாருக்கும் தெரியப்போவதில்லை, நான் வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று நெஞ்சில் கையும் வைத்தார். எந்த டாக்டர் காருக்கு எப்போது எஞ்சின் இறங்கியது, எந்த மில் வாரிசு எந்தச் சுவரில் மோதினார் என்பதெல்லாம் வெங்கடபதிக்குத் தெரிந்ததே, இப்படி நெஞ்சில் கைவைத்த ஷேக் பரீத் வாயால்தான். சீல் வெங்கடபதி தன் வண்டிக்கு வெளிநாட்டுச் சீல் வாங்கிப் போட்டார் என்ற சேதி, சீல் வந்து சேருவதற்கு முன்னாலேயே உக்கடம் தாண்டிவிடும்.

"நம்ம சீலே போடலாமுங்க" என்றார் வெங்கடபதி.

"மறுபடியுமா?" என்று கேட்டது ஷேக் பரீத் அல்ல, அன்று கூடவே வந்திருந்த அம்புஜம்.

சூடு தாங்குகிற ரப்பர் வரவழைக்கப்பட்டது. புது அச்சு வெட்டப்பட்டது. பம்பு ஆர்டர்கள் ஓரமாகக் காத்திருக்க, தம்பிதுரையும் முதலாளியும் ஒற்றைச் சீலுக்காகப் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றார்கள். முதல் சீல் உதடு தடித்துப் போய்த் தண்டைத் தின்றது. இரண்டாவது, பார்க்க லட்சணமாக இருந்து, சூடானதும் கையை விரித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஷேக் பரீத் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றினார். அவருக்கு இந்த வைத்தியத்தில் ஆட்சேபணையே இல்லை. அடுத்து வந்த சீலை வெங்கடபதி தானே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உதட்டைக் கத்தியால் சீவிச் சீவித் தேற்றினார். பட்டறையில் இருபது வருஷமாக அவர் கத்தியைத் தொட்டதில்லை. கை நடுங்கும் என்று தம்பிதுரை பயந்தார். நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இந்த வரலாறு இங்கேயே முடிந்திருக்கும்.

வண்டி வீட்டுக்கு வந்தது. அட்டை வைத்தார். காலையில் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அவிநாசி போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார். அட்டை மொட்டையாகக் கிடந்தது. அம்புஜத்தை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினார். ஒன்றுமில்லாததைப் பார்ப்பதற்காகத் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட முதல் பெண்மணி என்ற பெருமை அம்புஜத்துக்குக் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு, அம்புஜத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சத்தியமங்கலம் புறப்பட்டார். வேகத்தடைகளைத் தவிர வேறெங்கும் நிற்கவில்லை. கிருபாசங்கர் வீட்டுக் கேட்டுக்குள் நேராக நுழைந்தார். இன்று புளியமரம் இல்லை, மார்பிள்தான். கோவை பம்பு உலகமே கூடியிருக்க, தன் வண்டி சூடாக வந்து, வெள்ளைத் தரையில் நின்று, டிபன் முடிகிற வரைக்கும் ஒரு சொட்டுக்கூடப் போடாமல் இருக்கப்போகிறது. யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். தரையே சொல்லட்டும்.

தரை சொல்ல வழியில்லாமல் இருந்தது. அவருக்கென்று விடப்பட்டிருந்த இடத்தில், சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக, மடிப்புக்கூடக் கலையாத புத்தம்புது பவானி ஜமக்காளம் விரிக்கப்பட்டிருந்தது. ஆட்கள் இருவர் பக்கத்துக்கு ஒருவராக நின்று, மாப்பிள்ளையை மணமேடைக்குக் கூட்டுகிற மாதிரி வண்டியை அதன்மேல் வரச்சொல்லிக் கையசைத்தார்கள்.

வெங்கடபதி இறங்கினார். "தம்பி, இதென்னுங்க?"

"சும்மா ஒரு மரியாதைங்ணா" என்றார் கிருபாசங்கர்.

"எடுத்துப்போடச் சொல்லுங்க. வண்டி இப்ப ஒழுகறதில்லீங்க."

"ஒழுகுதுன்னு நாங்க சொன்னமுங்களா?"

"நீங்க சொல்லலீங்க. அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

"இருக்கட்டுங்ணா. ஒழுகுனாத்தான் என்ன, நம்மூடுதானுங்களே."

சுற்றி நின்ற முதலாளிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்தவர் சங்கடத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே செல்போன் கண்டுபிடிக்கப்பட்டது என்று நம் பக்கத்தில் ஒரு கருத்து உண்டு. வெங்கடபதி வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பின்னால் எடுத்தார். ஜமக்காளத்தைத் தானே சுருட்டி ஓரமாக வைத்தார். வெறும் மார்பிளில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். கிருபாசங்கரின் கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்தது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதுதான் வளர்ப்பு என்பது.

டிபன் முடிந்ததும் வெங்கடபதி எல்லோரையும் வண்டிப் பக்கம் அழைத்தார். கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். யாரும் குனியவில்லை. உங்கள் வண்டியை நாங்கள் குனிந்து பார்ப்பதா, எங்களை என்னவென்று நினைத்தீர்கள் என்று பதறினார்கள். கிருபாசங்கரின் கையையே பிடித்து இழுத்தார். கிருபாசங்கர் பாதி வளைந்து, கண்ணை எங்கோ தோட்டத்துப் பக்கம் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமே இல்லீங்ணா. இருந்தாலும் அது ஏ.சி. தண்ணியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

மார்பிள் பளிச்சென்று கிடந்தது. அதைப் பார்த்தது வெங்கடபதியும் அம்புஜமும் மட்டும்.

அடுத்த ஞாயிறு போனபோது, போர்ட்டிகோ முழுக்க ஜமக்காளம். எல்லா வண்டிக்கும் ஒவ்வொன்று. போன வாரம் ஒருவருக்கு மட்டும் விரித்தது தப்பு, அண்ணன் மனசு சங்கடப்பட்டுவிட்டது, இனிமேல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்று கிருபாசங்கர் அறிவித்தார். வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிய மார்பிள் ஒரு விரல் அளவுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் வெங்கடபதி ஒன்றைக் கவனித்தார். ஜமக்காளத்தில் வண்டி ஏறியதும் ஒவ்வொரு முதலாளி முகத்திலும் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. சிவப்பு வண்டிக்காரர் பெருமூச்சே விட்டார். வழக்கமாக வந்ததும் வண்டியை நிழலுக்கு, வெயிலுக்கு என்று மாற்றி மாற்றி நிறுத்திக்கொண்டே இருக்கும் நீல வண்டிக்காரர், அன்று முதல் தடவையாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

கை கழுவுகிற இடத்தில், குழாய்ச் சத்தத்தில், சிவப்பு வண்டிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். ஷேக் பரீத் சொன்னாராம், அண்ணன் வண்டிக்குப் புதிதாகச் செய்து போட்ட சீல் மாதிரி ஒன்று, தனக்கில்லை, தெரிந்த ஒருவருக்கு வேண்டும் என்றார். அவர் போனதும் நீல வண்டிக்காரர் வந்தார். அவருக்கும் தெரிந்த ஒருவர் இருந்தார். இப்படித் தெரிந்த ஒருவர்களுக்காக அன்று நிறையப் பேர் கை கழுவினார்கள். சிலர் இரண்டு தரம் கழுவினார்கள்.

கடைசியாக, எல்லோரும் போர்ட்டிகோவுக்குப் போனபிறகு, கிருபாசங்கர் டவலோடு வந்தார். புதிதாக வாங்கியிருக்கும் வண்டியைப் பற்றிப் பொதுவாகப் பேசினார். ஓட்டத்தைப் புகழ்ந்தார். பிறகு குரலை இறக்கினார்.

"காலைல பாத்தா அடில லேசா ஒரு ஈரம் தெரியுதுங்ணா. ஆயிலா இருக்குமுங்களா?"

வெங்கடபதி டவலை வாங்கி, விரல் விரலாகத் துடைத்தார். அவசரமே படவில்லை. கிருபாசங்கரின் வண்டி நின்ற பக்கம் பார்க்காமல், எதிரே தோட்டத்தில் வாழைகளைப் பார்த்தபடி நின்றார்.

"ச்சே, ச்சே. உங்க வண்டியாவது ஒழுகறதாவதுங்க தம்பி. அது ஏ.சி. தண்ணியாத்தானுங்க இருக்கும்" என்றார். டவலை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எதுக்கும் சைசை மட்டும் தம்பிதுரைகிட்டச் சொல்லிப்போடுங்க."